பக்கத்து வீட்டுச் சத்தம்

சென்ற வாரம் டென்மார்க்கின் கோல்டிங் நகரில் என் வீட்டுக்கென்று முதன்முதலாக ஒரு ரெக்கோட் பிளேயர் வாங்கினேன். பழைய பொருட்கடையில் எடுத்த இசைத்தட்டை உறையிலிருந்து உருவியபோது எழுந்த ஈரக் காகித வாசம், இப்போது இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டுவிட்ட பிராண்டே ஊர் மாடிக் குடியிருப்பில் எங்கள் வரவேற்பறைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது.

அங்கே ஞாயிறு காலைகளில், வாரமெல்லாம் தொழிற்சாலையில் நின்ற அப்பா, கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, தட்டை விளிம்பில் மட்டும் பிடித்து, மெல்லிய துணியால் வட்டமாகத் தூசி துடைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஊசியை இறக்குவார். கொஞ்ச நேரம் தட்டு கரகரக்கும், பிறகு நாதஸ்வரம் அறையெல்லாம் நிறையும்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அப்படியொரு காலையில் வகுப்புத் தோழி மெட்டே வந்து கதவைத் தட்டினாள்.

"இதென்ன சத்தம்?" என்று டேனிஷில் கேட்டாள்.

"பக்கத்து வீட்டில்," என்றேன், நானும் டேனிஷில்.

அப்பாவுக்கு அவ்வளவு டேனிஷ் விளங்கும் என்பது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன், அவர் ஊசியை மெதுவாகத் தூக்கிக்கொண்டிருந்தார்.

மெட்டே போன பிறகு, "பிள்ளை, உன்ர சிநேகிதப் பிள்ளையள் வரேக்க முதலே சொல்லு. நான் நிப்பாட்டி விடுறன்," என்றார். குரலில் கோபமே இல்லை.

"ஓம்," என்றேன்.

அடுத்த ஞாயிறு அவர் காதுகளை மூடும் பெரிய ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறையில் சத்தமே இல்லை. முழங்காலில் தாளம் போட்ட விரல்கள் மட்டும் அசைந்தன. அந்த வீட்டை விட்டுப் போகும்வரை அப்படித்தான் கேட்டார். "கழட்டுங்கோ அப்பா, நானும் கேக்கிறன்" என்று சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வரவில்லை.