தழும்பை எடுத்த படம்

குடவாசல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஸ்டுடியோவில் எனக்கு வேலை. கம்ப்யூட்டரில் முகம் திருத்துவேன். கறுப்பை வெளுப்பாக்குவேன், பருவை எடுப்பேன், சொட்டையில் முடி வைப்பேன். ஒருமுறை ஒருவர், செத்துப்போன தன் அம்மா ஐஸ் பெட்டிக்குள் கிடந்தபோது செல்போனில் எடுத்த படத்தைக் கொண்டுவந்தார். உயிரோடு இருந்தவரை ஒரு படம் எடுக்கத் தோன்றவில்லையாம். கண்ணைத் திறந்துவிட வேண்டும், கழுத்தில் இரட்டைவடச் சங்கிலி போட வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தேன். பெற்றவளுக்கு அவர் செய்துபோட்ட ஒரே நகை அதுவாகத்தான் இருக்கும். கண்ணீர் அஞ்சலி பேனரில் அந்த அம்மாள் ஜம்மென்று இருந்தார்.

இந்தத் தொழில் செய்கிறவளின் இடது கன்னத்தில்தான் தழும்பு. சின்ன வயதில் நெல் அவித்த அண்டா சரிந்து, கொதிநீர் கன்னத்திலிருந்து கழுத்துவரை வழிந்துவிட்டது. அந்த இடத்தில் தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும். எனக்கு வந்த வரன்களெல்லாம் படத்தைப் பார்த்ததோடு சரி. ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லி அனுப்புவார்கள். என் ஜாதகம் பாவம், அது என்ன செய்தது?

பிறகு சீர்காழிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. பொருத்தமெல்லாம் பார்த்தாயிற்று, படம் அனுப்புங்கள் என்றார்கள். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அம்மாவும் நானும்தான். எதையும் அம்மாதான் முடிவு செய்வாள்.

"ஊருக்கெல்லாம் பண்றல்ல, உன் தழும்பையும் உன் கையாலயே எடுத்து விடுடி" என்றாள்.

"நேர்ல வந்தா தெரியாதாம்மா?"

"வீட்டுக்குள்ள வந்துட்டா பேசிச் சரி பண்ணிக்கலாம். வாசப்படியே மிதிக்க மாட்டேங்குறாங்களே, அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கும் ஆசை இருந்தது, மறைப்பானேன். மாப்பிள்ளையின் படம் எனக்குப் பிடித்துவிட்டது. முன்நெற்றியில் ஒரே சுருள் முடி மூன்று இடத்தில் அப்படியே திரும்பத் திரும்ப இருந்தது. என்னைப் போல ஒருத்தன் சோம்பேறித்தனமாக ஒட்டியிருக்கிறான். அவருக்கும் மறைக்க ஏதோ இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

வலது கன்னத்துத் தோலை எடுத்து இடது கன்னத்தில் வைத்து, கழுத்துவரை இழைத்துவிட்டேன். முடித்தபோது திரையில் ஒரு அழகான பெண் இருந்தாள். போனில் அம்மாவிடம் காட்டினேன். அம்மா அந்தக் கன்னத்தை விரலால் தொட்டாள். "இப்படி இருந்திருக்க வேண்டியவ" என்றாள். என் அசல் கன்னத்தை அவள் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை. படத்தில் இருந்தவள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தங்கை என மூன்று பேர் வந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் கை நனைத்துச் சாப்பிடுவார்கள். அம்மா அந்த நம்பிக்கையில் வடை பாயசத்தோடு சமைத்து வைத்திருந்தாள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காபித் தட்டோடு போய் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"காபியெல்லாம் அப்புறம் ஆகட்டும். பொண்ணை வரச் சொல்லுங்க."

"இதாங்க பொண்ணு" என்றாள் அம்மா.

அவர் கைப்பையைத் திறந்து படத்தை எடுத்தார். எழுந்து வந்து என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா" என்றார். கத்தரிக்காயில் சொத்தை பார்ப்பது போலப் பார்த்தார். நானும் திரும்பிக் காட்டினேன். மாப்பிள்ளை போனை நோண்டிக்கொண்டிருந்தார். படத்தில் இருந்த முடி எதுவும் தலையில் இல்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பேசிக்கலாம்னுதாங்க..." என்று அம்மா ஆரம்பித்தாள். அதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். காபியைக்கூடத் தொடவில்லை. வாசல்வரை போன அந்த அம்மாள் திரும்பினார்.

"ஆமா, இந்தப் போட்டோ யாரு பண்ணுனது? தழும்பு இருந்த இடமே தெரியலையே."

"எம் பொண்ணுதாங்க. ஸ்டுடியோவுல வேலை பார்க்குறா."

அப்போதுதான் அவர் முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். தன் மகளைத் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தார். அந்தப் பெண்ணுக்குப் பிறவியிலேயே மேலுதடு பிளந்து, தைத்த வடு இருந்தது.

"இவளுக்கும் இதே மாதிரி சுத்தமா எடுத்துக் குடும்மா. வர்றவன்லாம் வாயைப் பார்த்துட்டு ஓடுறான்."

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். "அனுப்புங்க, பண்ணிடுவா" என்றாள் அம்மா. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாளே வாட்ஸப்பில் படம் வந்துவிட்டது. முடியாது என்றேன். "நல்லபடியா செஞ்சு குடுடி. அவங்க மனசு மாறினாலும் மாறும்" என்றாள் அம்மா. பெற்றவளை அடிக்க முடியாது என்பதால் ஸ்டுடியோவுக்குக் கிளம்பிவிட்டேன்.

அங்கே படத்தைத் திறந்ததும் எனக்கு வேறொன்று தோன்றியது. துளி வடு இல்லாமல் வழித்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். அவர்கள் வீட்டுக்கும் நாலு பேர் வரட்டும். அந்த அம்மாளும் சமைத்து வைத்துக்கொண்டு, எழுந்து போகிறவர்களைப் பார்த்தபடி நிற்கட்டும். நினைக்கவே இனித்தது. வேலையை ஆரம்பித்தபோது போன் அடித்தது. அந்தப் பெண்தான்.

"அக்கா, அம்மாவுக்குத் தெரியாமப் பேசுறேன். சுத்தமா எடுத்துடாதீங்க."

"உங்கம்மா அப்படித்தானே கேட்டாங்க?"

"எடுத்துட்டா நானும் நேத்து மாதிரி தட்டோட நிக்கணும்க்கா."

என்னைத்தான் சொல்கிறாள். சுருக்கென்று தைத்தது. ஆனால் அவள் ஒன்றும் பொய் சொல்லவில்லை.

"சரி, எவ்வளவு விடட்டும்?" என்று கேட்டேன்.



"பார்த்ததும் எந்திரிச்சுப் போயிடாத அளவுக்கு விடுங்கக்கா" என்றாள். "எவ்வளவுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

எனக்குத் தெரியாது. சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டு, அவள் உதட்டைத் திரையில் பெரிதாக்கினேன்.