எரியாவிட்டால் கால் சுற்று

போன வருடம் ஏப்ரல் கடைசியில், கொல்கத்தா டாலிகஞ்சில் நாங்கள் குடியிருக்கும் பழைய நான்கு வீட்டுக் கட்டிடத்தில் நடந்தது இது.

நான் ஓய்வு பெற்றவன். ஒரு அரசு அலுவலகத்தில், பாதுகாப்பு விதிமுறைகள் எழுதும் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். ஏணியை எத்தனை பேர் பிடிக்க வேண்டும், தீயணைப்புக் கருவியை எந்த உயரத்தில் மாட்ட வேண்டும் என்றெல்லாம் நான் எழுதிய சுற்றறிக்கைகளை யாராவது படித்ததாக இன்றுவரை தகவல் இல்லை. ஓய்வுக்குப் பிறகு விதிமுறை எழுத ஆட்கள் கிடைக்காததால், வீட்டிலிருக்கும் டார்ச் லைட்டுகளுக்கு எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டில் அப்போது ஐந்து டார்ச். சித்திரையில் மாலைப் புயல்கள் தொடங்குவதற்கு முன் ஒரு தடவை, துர்கா பூஜைக்கு முன் ஒரு தடவை, ஐந்தையும் செய்தித்தாளில் பரப்பிப் பிரிப்பேன். மரையில் படிந்திருக்கும் கறுப்பைப் பழைய பனியன் துணியால் துடைக்க வேண்டும். ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ், ஒரு அரிசி அளவு. தேங்காய் எண்ணெய் ஆகாது; கொல்கத்தாவின் ஜனவரியில் அது உறைந்து மூடியைப் பிடித்துக்கொள்ளும். வாசலின் ஆகாது, ரப்பர் ஊதிவிடும். டார்ச்சுக் குழாயின் விளிம்பில் கிரீஸ் படவே கூடாது, மின்சாரம் போகும் வழி அது. கடைசியாக, அடி மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைக்க வேண்டும். அப்படி வைத்தால் தவறிக் கை பட்டாலும் எரியாது, பாட்டரி வீணாகாது. வேண்டும்போது அதே கால் சுற்றை இறுக்கினால் போதும்.

என் மனைவிக்கு இந்தக் கடைசி விதி பிடிக்கவில்லை. "கரண்ட் போனா எரியறதுக்குத்தானே டார்ச்சு? அதைப் பூட்டி வெச்சா என்ன அர்த்தம்?" என்றாள். அவளுக்காக ஒவ்வொரு டார்ச்சிலும் தமிழில் ஒரு சீட்டு ஒட்டினேன். டார்ச்சின் முதுகில் மூன்று சொல்லுக்குத்தான் இடம் இருந்தது: 'எரியாவிட்டால் கால் சுற்று.'

கீழ்வீட்டில் ஒரு வங்காளித் தம்பதி. அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவரை நான் தாதா என்று அழைப்பேன். இங்கே அதற்கு அண்ணன் என்று பொருள், நம் ஊர்ப் பத்திரிகைகளில் வரும் தாதா அல்ல. அவர் மனைவி பௌதி, அதாவது அண்ணி. தாதாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. இன்ஹேலர் எப்போதும் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும். அவர்கள் வீட்டுச் சிவப்புத் தரை ஒரு மூலையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். எது உருண்டாலும் இரும்பு அலமாரிக்கு அடியில் போய்த்தான் நிற்கும். அதைப் பற்றி வீட்டுக்காரருக்கு நானே இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இல்லை.

அந்த வருடப் புயல் காலத்துக்கு என் டார்ச்சுகளில் நல்லதாக ஒன்றைச் சுத்தம் செய்து, கிரீஸ் போட்டு, பௌதிக்குக் கொடுத்தேன். பராமரிப்பு முறையையும் அரைமணி நேரம் விளக்கினேன். பௌதி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், நடுவில் இரண்டு தேங்காய் லட்டும் கொடுத்தார். தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை என்பதை முப்பத்து நான்கு வருட அலுவலக வாழ்க்கை எனக்குக் கற்றுத் தந்திருக்க வேண்டும். தரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், சாந்த்ராகாச்சியில் ஒரு நண்பரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். மனைவி ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்தாள். நியூ டவுனில் வேலை பார்க்கும் மகள் எனக்குத் துணையாக வந்து தங்கியிருந்தாள். வழியிலேயே புயல் பிடித்துக்கொண்டது. சட்டைப்பையிலிருந்த கைப்பேசி, பிளாஸ்டிக் உறையோடு சேர்ந்தே நனைந்து செத்துப்போனது. எங்கள் தெருவுக்கு வரும்போது ஏழு மணி. மத்தியானமே கரண்ட் போய்விட்டதாக முனைக் கடைக்காரர் சொன்னார்.

கட்டிடத்துக்குள் நுழைந்ததும் இருட்டு. தாதா வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து முதலில் கேட்டது அவருடைய மூச்சு. அடைத்த குழாயில் காற்று ஊதுவதுபோல ஒரு சத்தம். அடுத்துக் கேட்டது என் மகளின் குரல்.

"ஜேட்டிமா, பா கோராதே போல்சே."

ஜேட்டிமா என்றால் பெரியம்மா. சீட்டு காலைச் சுழற்றச் சொல்கிறது என்கிறாள்.

"ஏக்கோன் நாச்போ நாகி?" என்றார் பௌதி. இந்த நேரத்தில் நான் நாட்டியம் ஆடவா என்று கேட்கிறார். குரலில் அழுகை இருந்தது.

என் மகள் பள்ளியில் படித்தது வங்காளம், ஆங்கிலம், இந்தி. தமிழ் எழுத்தை அவள் அம்மா இரண்டு கோடை விடுமுறைகளில் சொல்லிக்கொடுத்ததுதான். கால் என்றால் அவளுக்கு நடக்கிற கால்தான். பகல் வெளிச்சம் இருந்தபோதே அந்தச் சீட்டைப் பௌதி கொண்டுவந்து காட்டியிருக்கிறார். ஏதோ தமிழ்நாட்டு வழக்கம் போலிருக்கிறது என்று இருவரும் சிரித்துவிட்டு விட்டிருக்கிறார்கள்.

என்னைப் பார்த்ததும், இல்லை, என் செருப்புச் சத்தம் கேட்டதும், மகள் கொட்டித் தீர்த்தாள். "அப்பா, சீக்கிரம் வா. பெரியப்பாவோட இன்ஹேலர் கைதவறி எங்கியோ விழுந்துடுத்து. மெழுகுவத்தி காத்துல நிக்கல. என் போனு ஆபீஸ் வேலைலயே தீர்ந்துபோச்சு. உன் டார்ச்சும் எரியல, மாடில இருக்கறதும் எரியல. யார் காலை எங்க சுத்தணும்னு எழுதி வெச்சிருக்கே?"

எதிர் வீடு பூட்டியிருந்தது. பௌதி படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தார். கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்த தாதாவின் கை என் கையில் பட்டது. ஜில்லென்று இருந்தது.

"கொண்டா இங்கே" என்றேன். அலுவலகத்தில் கோப்பு கேட்கிற அதே தோரணை.

கால் சுற்று. கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் தடவை செய்த வேலை. ஈரக் கை, பதற்றம், அதோடு அரிசி அளவு கிரீஸ் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு நான் தாராளமாகப் பூசியிருந்த கிரீஸ். மூடியை இறுக்குவதற்குப் பதில் எதிர்ப்பக்கம் திருகினேன். எரியவில்லை. இன்னும் திருகினேன். அவ்வளவு நன்றாகப் பராமரித்த மரை வழுக்கிக்கொண்டு கழன்றது. மூடி ஒரு பக்கம் விழுந்தது. கட்டைவிரல் தடிமனான ஒற்றைப் பாட்டரி என் காலில் விழுந்து, தரையில் உருள ஆரம்பித்தது.

பாட்டரி உருளும் சத்தமும் தாதாவின் மூச்சும் மட்டும். கடகடவென்று போய், தூரத்தில் எதிலோ டக்கென்று மோதி நின்றது.

நான் மண்டி போட்டு அந்தச் சத்தத்தின் பின்னால் தவழ்ந்தேன். அலமாரிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். தூசி, ஒரு பேனா மூடி, அப்புறம் என் விரலில் ஏதோ பட்டது. பாட்டரி இல்லை. வளைந்த பிளாஸ்டிக். இன்ஹேலர்.

இடிச் சத்தத்தில் அது தரையில் விழுந்ததும் உருண்டதும் யாருக்கும் கேட்கவில்லை. படுக்கையில்தான் இருக்கும் என்று பௌதி விரிப்பையே உதறிக்கொண்டிருந்தார். சாய்ந்த தரையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய எனக்காவது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பௌதி இருட்டிலேயே அதை வாங்கிக் குலுக்கி, தாதாவின் வாயில் வைத்து அழுத்தினார். ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. நாங்கள் மூவரும் தரையில் உட்கார்ந்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மெல்ல மெல்ல அடைப்பு விட்டது. பாட்டரியைத் தேடவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அந்த இருட்டில் முதலில் பேசியவர் தாதாதான். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "பாய், எத்தனையோ டார்ச் பார்த்திருக்கிறேன். எரியாமலே தேடிக் கொடுத்த டார்ச் இது ஒன்றுதான்." பாய் என்றால் தம்பி.

பௌதி சிரித்தார், பிறகு புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகள் என் ஈரச் சட்டைத் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வெளிச்சம் இல்லாதது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

மறுநாள் தாதாவை டாக்டரிடம் காட்டினோம். திரும்பி வந்ததும் எல்லா டார்ச்சின் மூடியையும் இறுக்கி வைத்தேன். பாட்டரி கொஞ்சம் வீணாகும், ஆகட்டும். தாதா என் தமிழ்ச் சீட்டைக் கிழித்துவிட்டு, வங்காளத்தில் புதிதாக ஒன்று எழுதி ஒட்டினார். இந்த ஊரில் முப்பத்தெட்டு வருடம் இருந்தும் எனக்கு வங்காள எழுத்து படிக்க வராது. மகள்தான் படித்துச் சொன்னாள். 'எரியாவிட்டால் மேல்மாடித் தம்பியைக் கூப்பிடவும்.'

இந்தச் சித்திரையிலும் அந்த டார்ச்சைப் பிரித்துச் சுத்தம் செய்து, உண்மையாகவே ஒரு அரிசி அளவு கிரீஸ் போட்டேன், அந்தச் சீட்டின் மேல் துணி படாமல். நான் எழுதிய அத்தனை விதிமுறைகளிலும் இருட்டில் அதைக் கையில் எடுக்கப்போகிறவர் யார் என்று ஒரு வரிகூட இருந்ததில்லை என்பதை, எனக்குப் படிக்கத் தெரியாத அந்த ஒற்றை வரி ஒவ்வொரு முறையும் எனக்கு நினைவுபடுத்துகிறது.