சைபர் காட்டிய மீட்டர்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் ஆரோக்கியசெல்வி நான்தான். சுவிட்சு, ஒயர், பல்பு, ஃபேன் கண்டன்சர் எல்லாம் என்னிடம் கிடைக்கும். பாலகுரு வந்து நின்றால் எனக்குத் தலைவலி கிடைக்கும்.

பாலகுருவுக்கு உப்பளத்தில் லாரிக்கு லோடு ஏற்றும் இடத்தில் மேஸ்திரி வேலை. அது வயிற்றுக்கு. மனசெல்லாம் வீட்டுப் பின்னறையில் பழைய கதவுப் பலகையைக் கிடத்திப் போட்டிருந்த மேசைமேல்தான். ரேடியோ கட்டுவான், ஆம்ப்ளிஃபையர் கட்டுவான், பாதியில் விட்டுவிட்டு அடுத்ததைப் பிரிப்பான். முழுதாக முடித்த ஒரு சாமானைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. அறைக்குப் பின்னால் ரோட்டைத் தாண்டினால் உப்புப் பாத்தி. அந்தக் காற்றுக்கு ஜன்னல் கம்பியே இற்று விழும், அவன் சாமான்களெல்லாம் எம்மாத்திரம்.

அவன் பெண்டாட்டி திரௌபதி உப்பு வாருகிறவள். சீசனில் பாத்தியில் நிற்பாள். மழைக்காலத்தில் பாத்திகள் தண்ணீருக்குள் போய்விட்டால் வீட்டில் கிரைண்டர் ஓட்டி இட்லி மாவு விற்பாள். அந்த வீட்டில் அடுப்பு அணையாமல் இருந்ததற்கு அவளுடைய இரண்டு கைகள்தான் காரணம். இதை பாலகுருவே மறுக்க மாட்டான், கேட்டால்.

அடுத்து மேசைக்கு என்ன மெஷின் வாங்குவது என்பதுதான் அவன் வாழ்க்கையின் பெரிய கேள்வி. அவனிடம் இருந்தது கரண்டு வருகிறதா என்று வைத்துப் பார்க்கிற, எல்லாக் கடையிலும் பொம்மை மாதிரி தொங்குகிற மஞ்சள் மீட்டர். நல்ல மீட்டர் ஒன்று வாங்குவதா, பவர் சப்ளை வாங்குவதா, ஆசிலோஸ்கோப் வாங்குவதா என்று ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்துவிட்டுக் காலையில் என் கடை வாசலில் வந்து நின்று என்னிடம் விளக்குவான். நான் வேண்டாமென்று சொன்னாலும் விளக்குவான்.

"ஏம்பா, மொதல்ல அந்த மஞ்ச மீட்டரத் தூக்கிப் போடு. அட்லீஸ்ட் அந்த ஒயரையாவது மாத்து. தோலு வெடிச்சுக் கெடக்குது," என்று ஒருநாள் சொன்னேன். எனக்கென்ன, பெரிய ஞானமா? மீட்டர் ஒயர் ஜோடி ஒன்று கடையில் விலை போகாமல் தூசி பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது, தள்ளிவிடப் பார்த்தேன்.

"போங்கக்கா. மீட்டர்ல வெறும் நம்பருதான் தெரியும். ஸ்கோப்புல கரண்டு ஓடுறதே கண்ணுல தெரியும்க்கா. அலை அலையா."

அலைதான் வேண்டுமென்றால் கடற்கரைக்குப் போகச் சொன்னேன். அவன் ஆரோவில்லுக்குப் போனான். ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பிய யாரோ ஒருவரிடமிருந்து பழைய ஆசிலோஸ்கோப்பை வாங்கி, பழந்துணியில் சுற்றி, பைக்கில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். அதன் முனையை விரலால் தொட்டால் திரையில் பச்சைக்கோடு நெளியும். தெருவே கூடிப் பார்த்தது. "ஈசிஜி எடுக்கிற மெஷினாப்பா?" என்று கேட்டார்கள். "இன்னும் எத்தினி நாளு உயிரோட இருப்பேன், பாத்து சொல்லுடா," என்று ஒரு கிழவர் கையை நீட்டினார். சிரித்துச் சிரித்து ஓய்ந்து போனார்கள்.

சிரிக்காதவள் திரௌபதி ஒருத்திதான். "எங்க வீட்டுக்காரரு மெஷின் வெச்சுப் பாத்து ஒன்னு சொன்னா சரியா இருக்கும்," என்பாள் என்னிடம். அப்படி அவள் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வரும்.

அந்த மழைக்காலத்தில் கிரைண்டர் அவளைச் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்தது. புருஷனைக் கூப்பிட்டாள். ஊரே சிரித்த மனுஷனுக்கு வீட்டில் ஒரு மரியாதை கிடைத்த நேரம் அது. மஞ்சள் மீட்டரை எடுத்துக்கொண்டு வந்தான். ஒரு முனையை கிரைண்டர் டிரம்மில் வைத்தான், இன்னொரு முனையைத் தண்ணீர்க் குழாயில் வைத்தான். மீட்டர் சைபர் காட்டியது.

"ஒன்னுமில்ல. தொடு," என்றான்.

"சுள்ளுன்னு இருந்துச்சேங்க."

"மெஷின் பொய் சொல்லுமா? எல்லாம் உன் பிரமை. தொடுடி."

தொட்டாள். மாவு வழிக்கிற ஈரக்கை, ஈரத்தரை, வெறுங்கால். டிரம்மைப் பிடித்த கை விடவில்லை. அவள் போட்ட சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள். பாலகுரு மீட்டரைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தானாம். உயிர் தப்பியது. வலது கையில் இரண்டு விரல்கள் வெந்து, பாண்டி ஆஸ்பத்திரியில் என்னென்னவோ செய்து பார்த்தும், கடைசியில் உள்ளங்கைக்குள் மடங்கி அப்படியே நின்றுவிட்டன. அந்தக் கையால் உப்பு வாருகிற பலகையைப் பிடிக்க முடியாது.

அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே பாலகுரு என் கடைக்கு வந்தான். மீட்டர் ஒயர் இருக்கிறதா என்று கேட்டான்.

"இப்ப எதுக்குப்பா ஒயரு?"

"ரெண்டு முனையையும் ஒட்ட வெச்சா பீப்புன்னு சத்தம் வரணும்க்கா. வரல. உள்ள ஒயரு அறுந்துருக்குது போல." சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. ஒயர் அறுந்த மீட்டர் எதன்மேல் வைத்தாலும் சைபர்தான் காட்டும். அவன் என் முகத்தைப் பார்த்தான். "திரௌபதிக்கிட்ட சொல்லிடாதீங்கக்கா."

"நீ சொல்லுவியா?" என்று கேட்டேன்.

"சொல்றேன்க்கா. வீட்டுக்கு வரட்டும்."

வீட்டுக்கு வந்தாள். அவன் சொன்னான். அவளிடம் அல்ல, ஊரிடம். "ஈரக்கையோட தொட்டுட்டா. எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்," என்று லோடு ஏற்றுகிற இடத்தில் சொன்னான், டீக்கடையில் சொன்னான், ரேஷன் கடை வரிசையில் சொன்னான். ஊர் தலையை ஆட்டியது. பொம்பளை அஜாக்கிரதை என்றால் நம்புவதற்கு நம் ஊருக்குச் சாட்சி எதற்கு?

அதன்பிறகு ஒரு நல்ல மீட்டர் வாங்கினான். ஃபியூஸ் வைத்தது, தடித்த ஒயர் போட்டது. ஒவ்வொரு தடவையும் இரண்டு முனைகளையும் ஒட்டவைத்து பீப் சத்தம் கேட்ட பிறகுதான் வேலையைத் தொடுவான். மனுஷன் மாறித்தான் போனான், அதில் பொய்யில்லை. மிக்சி, மோட்டார், அயர்ன் பாக்ஸ் என்று ஜனங்கள் அவனிடம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். சிரித்த வாய்களே "பாலகுரு பாத்துட்டானா? அப்ப சரி," என்றன. அவன் ஆசைப்பட்டது அவனுக்குக் கிடைத்துவிட்டது.

போன மாசம் கடை மிக்சியை எடுத்துக்கொண்டு நானும் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அனுமந்தையிலிருந்து ஒரு பெண் கிரைண்டரோடு வந்திருந்தாள். ஷாக் அடிக்கிறதாம். பாலகுரு மீட்டரை வைத்துப் பார்த்தான், எர்த் இல்லையென்று சொன்னான், ஒயரை மாற்றிக் கொடுத்தான். எல்லாம் சரியாகத்தான் செய்தான். பிறகு உள்ளே திரும்பிக் கூப்பிட்டான்.

"திரௌபதி, இங்க வா. கையக் காட்டு."

அவள் வந்தாள். வலது கையை நீட்டினாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தியாம்மா? ஈரக்கையோட தொட்டா இதான் கதி. எம்பொண்டாட்டிதான் சாட்சி," என்றான். யார் கிரைண்டர் கொண்டுவந்தாலும் இப்படித்தானாம். பாடம் நடத்துகிறானாம்.

மிக்சியை அங்கேயே போட்டுவிட்டுத் திரௌபதியின் பின்னாலேயே சமையலறைக்குள் போனேன். இடது கையால் தட்டுத் தடுமாறி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். இனி மூடி வைக்க என்னால் முடியாது என்று நினைத்தேன்.

"இங்க பாரு திரௌபதி, அன்னிக்கு உம்மேல தப்பே இல்ல. அந்த மஞ்ச மீட்டரு..."

"ஒயரு அறுந்துருந்துச்சு," என்றாள், கத்தியை வைக்காமல். "தெரியும்க்கா."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அந்த ஒயரு வேலி ஓரம் பெருக்கறப்ப கெடச்சுது. தூக்கிப் போட்டுருந்தாரு. கிள்ளிப் பாத்தேன், உள்ள கம்பி பச்சையாப் பூத்து மாவாட்டம் கொட்டுது. உப்பு தின்ன சாமான் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா அவன் கூப்புட்டா போயிக் கையக் காட்டுற?"

"அவரு வாயால சொல்றாரான்னு பாத்தேன்க்கா. அதுக்குத்தான் கூப்புட்டப்பல்லாம் போனேன். கைய நீட்டிட்டு அவரு மூஞ்சியத்தான் பாப்பேன். மொதல்ல கண்ண வேற பக்கம் திருப்பிக்குவாரு. கொரல் கம்மும். இன்னிக்கு சொல்லிடுவாரு, நாளைக்கு சொல்லிடுவாருன்னு இருந்தேன்."

"இப்ப?"

"இப்பல்லாம் நேரா என்னப் பாத்துத்தான் பேசுறாரு. மூஞ்சியில ஒன்னுமே இல்லக்கா. நான்தான் ஈரக்கையோட தொட்டேன்னு அவரே நம்பிட்டாரு."

வெளியே யாரோ கிரைண்டர் கொண்டுவந்து இறக்குகிற சத்தம் கேட்டது. பாலகுரு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.