செருப்பு வரிசை

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது, மெதுவாகத்தான் எழுதும்.

தாம்பரம் பக்கத்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்கு வழிகாட்டும் தொண்டராக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சம்பளம் கிடையாது, பச்சைக் கோட்டு ஒன்று உண்டு. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு சேலையூரில் பஸ் ஏறினேன். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். வயதுக்குக் கொடுத்தாளோ என்னவோ, கோட்டுக்கு என்றே நான் வைத்துக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தபோது, சீட்டு கொடுக்கும் ஜன்னல் திறக்கவில்லை. ஜனங்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு முன்னால் வழி நெடுக அவர்களுடைய செருப்புகள். என் வீட்டு வாசலில் ஒரு செருப்பு கோணலாகக் கிடந்தது கிடையாது. எல்லாவற்றையும் பொறுக்கி, பெரியது பெரியதோடு, சிறியது சிறியதோடு, சுவர் ஓரமாக அடுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஜன்னல் திறந்தபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு செருப்பும் ஒரு ஆளுடைய இடம். விடியுமுன் வந்து, செருப்பை வரிசையில் விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது பதினோரு பேர், ஒவ்வொருவரும் தான்தான் முதல் ஆள் என்றார்கள்.

"பெரிய செருப்பெல்லாம் முன்னாடி வச்சிகிறே. என் காலு சின்னது, அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றார் ஒருவர்.

நர்ஸ் வந்தார். "டாக்டர் வர்றதுக்குள்ள வரிசை சரியாகணும் பாட்டிம்மா. இல்லன்னா கோட்டைக் கழட்டி வச்சிட்டுக் கிளம்புங்க."

ஒரே நாளில் கோட்டைக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்? யோசித்தேன். என் பிள்ளைகள் அடித்துக்கொண்டால், நீ என்ன செய்தாய் என்று ஒருவனையும் கேட்க மாட்டேன். அவன் என்ன செய்தான் என்றுதான் கேட்பேன். அதே மாதிரி ஒவ்வொருவரிடமும், "உனக்குப் பின்னால யாரு?" என்று மட்டும் கேட்டேன். தான் முதல் என்று சாதித்தவர்கள்கூட, தனக்குப் பின்னால் வந்தவரைத் தப்பாமல் காட்டினார்கள். அவர் முந்திவிடக் கூடாதே!

காட்டியபடியே நிறுத்திக்கொண்டு வந்தேன். தனக்குப் பின்னால் என்று யாரும் காட்டாதவள் ஒரே ஒருத்தி. சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்து, மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள்தான் முதல் ஆள்.

"ஏம்மா சொல்லல?"

"என்னை யாரு கேட்டா?" என்றாள்.

டாக்டர் வந்து, இன்றைக்கு என்ன இவ்வளவு ஒழுங்கு என்று கேட்டார். நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதல் சீட்டை அவர் கையில் கொடுத்தார். கோட்டு என் மேலேயே இருந்தது.

வீட்டில் இதுவரை டாக்டர் கேட்டதை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அடியே பேத்தி, இதை வீட்டில் எல்லாருக்கும் கொஞ்சம் படித்துக் காட்டு. வரிசை போட்டதைச் சத்தமாகப் படி. செருப்பை அடுக்கியதை மனசுக்குள் படித்துக்கொள்.