போர்வைக்குள் மடித்த குழாய்

என் கூறைப் புடவையை நான் ஒரே ஒரு தடவைதான் கட்டினேன். என் வீட்டுக்காரர் பதினோரு தடவை கட்டியிருக்கிறார். மாசியில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து ஆடும்போது ரதி வேஷம் அவருக்குத்தான். மீசையை வழித்து, பவுடரை அப்பிக்கொண்டு, எரிந்துபோன மன்மதனுக்காக அவர் ஒப்பாரி வைத்தால் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் எல்லாம் மூக்கைச் சிந்துவார்கள். நான் மட்டும் புடவைக் கரையில் சேறு படுகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தோட்டம். அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் அவர் பிட்டர். பைப்போ பம்போ மக்கர் செய்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சொந்த நெஞ்சு மக்கர் செய்தபோது மனுஷன் யாரையும் கூப்பிடவில்லை. இரண்டாயிரமாம் ஆண்டு தாண்டியபின் ஒரு தை மாதக் கடைசியில், மூச்சு முட்டி விழுந்தார். கண்டிக்குக் கொண்டு போனோம். வலது நுரையீரலில் ஓட்டை, காற்று நெஞ்சுக்குள் கசிந்து நுரையீரலே சுருங்கிவிட்டது என்றார்கள். விலாவில் ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டார்கள். கசிகிற காற்று அதில் குமிழியாக வரும். குமிழி நின்றால் ஓட்டை அடைந்துவிட்டது என்று அர்த்தம். குழாயை எடுத்து வீட்டுக்கு விடுவார்கள்.

இரண்டு வாரமாகியும் நிற்கவில்லை.

"மூணாம் பெறைக்குக் காமன் கம்பம் ஊண்டிக் கூத்த ஆரம்பிச்சிருவாங்க புள்ள. ரதிக்கு யாரு இருக்கா?" என்றார் இவர்.

"ஏன், பொம்பளைங்க யாராச்சும் ஆடட்டுமே" என்றேன். ரதி வேஷம் ஆம்பிளைதான் கட்டணும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "அண்ணை, ஒருக்கா இருமுங்கோ பாப்பம்" என்றார். இவர் இருமினார். போத்தலில் ஒரு குமிழி இல்லை. "நல்லம். நாளைக்கும் இப்பிடியே இருந்தா குழாயை எடுப்பம்." டாக்டர் வாசலைத் தாண்டியதும் போத்தல் குபுகுபு என்றது. "அது பழைய காத்து, மிச்சம் மீதி வருது" என்றார் இவர். நானும் ஒரு மண்டு, நம்பினேன்.

அடுத்த நாள் டாக்டர் பக்கத்துக் கட்டிலில் கொஞ்சம் தாமதித்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் இவர் நெற்றியெல்லாம் வியர்வை, உதடு கறுத்திருந்தது. ஒரு கை போர்வைக்குள். எனக்குச் சுரீரென்றது. தொழிற்சாலையைப் பார்வையிடத் தொரை வரும்போது, ஒழுகுகிற பைப்பில் துணியைச் சுற்றி மறைத்துவிட்டு, தொரையின் கார் போனதும் அவிழ்ப்பார் இவர். அதை எத்தனை தடவை சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார்!

போர்வையை உருவினேன். குழாயை இரண்டாக மடித்து இடுப்போடு சேர்த்துக் கையால் அமுக்கி வைத்திருந்தார். கையைத் தட்டிவிட்டதும் போத்தல் கொதித்தது.

"அடப்பாவி மனுசா! ஐயா, இங்க பாருங்க, இவரு மடிச்சு வச்சிருக்காருங்க!"

டாக்டர் ஓடி வந்தார். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா மூச்சே நிண்டிருக்கும், விளங்குதோ?" என்று திட்டினார். இவர் என்னைப் பார்த்தார்.

"காட்டிக் குடுத்துட்டியே புள்ள."

"ஆமா, குடுத்தேன். நீங்க உசுரோட வேணும் எனக்கு."

அந்த ஓட்டை தானாக அடையாது, நெஞ்சைத் திறக்கவும் உடம்பு தாங்காது என்றார் டாக்டர். புதிதாக ஒரு வழி வந்திருக்கிறதாம். கேமரா வைத்த குழாயை வாய்வழியே விட்டு, ஓட்டைக்குக் காற்றுப் போகும் மூச்சுக்குழாய்க் கிளையில் சின்ன வால்வு வைப்பார்களாம். காற்று வெளியே வரும், உள்ளே போகாது. ஓட்டை ஆறியபின் வால்வை எடுத்துவிடலாம். அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் தலையைத் தூக்கினார்.

"பம்புல போடுற வால்வு மாதிரிங்களா?"

"அதேதான்."

"அப்ப எந்தப் பக்கம்னு நல்லாப் பாத்துப் போடுங்க ஐயா. எங்க பெக்டரில ஒருத்தன் திருப்பி மாட்டிட்டான்."

டாக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வால்வு வைக்கிற வரைக்கும் ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை, பயம்.

வைத்த மறுநாள் காலை. எங்கள் தோட்டத்தில் காமன் ஊன்றி நாலைந்து நாள் ஆகிவிட்டது. டாக்டர் இருமச் சொன்னார். இருமினார். தண்ணீர் அசையவில்லை. டாக்டர் குனிவதற்குள் இவரே போர்வையைக் காலால் உதைத்துத் தள்ளி, இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினார்.

"பாத்துக்க புள்ள. நா ஒண்ணும் மடிக்கல."

அப்படியும் நான் நம்பவில்லை. விலாவிலிருந்து போத்தல் வரை குழாயை விரலால் தடவிக்கொண்டே போனேன். எங்கேயும் மடிப்பில்லை.

"இன்னொரு தடவ இருமுங்க" என்றேன். இருமினார். ஒரு குமிழி இல்லை.

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். வார்டே எட்டிப் பார்த்தது. எனக்கு வெட்கமாகவும் இல்லை.

மேலேயிருந்து அவர் குரல் மெதுவாக வந்தது. "இந்த வருசம் ரதி வேசம் நீயே கட்டியிருக்கலாம் புள்ள. பொடவையும் ஒன்னோடதுதானே."