கடைப்பக்கம் போகாதே

பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் சட்டைக் காலருக்கு வெளியே துணிச்சீட்டு எட்டிப் பார்த்தால் சிவரஞ்சனியின் கை சும்மா இருக்காது. இரண்டு விரலால் பிடித்துப் படித்துவிட்டுத்தான் உள்ளே தள்ளிவிடுவார். "முக்காவாசி பாலியெஸ்டர்ண்ணே. வெயிலுக்கு வேர்க்குரு கெளம்பும், பாத்துக்கங்க." திரும்பிப் பார்க்கும் மனிதருக்கு முதலில் கோபம் வரும். அடுத்த நிறுத்தத்துக்குள் முதுகு அரிக்க ஆரம்பித்துவிடும்.

திருவரங்குளத்திலிருந்து தினமும் புதுக்கோட்டைக்கு வந்து ஒரு ஜவுளிக்கடையில் சேலை விற்கிறார். வயது முப்பத்தொன்று. அவர் ஒரு சேலையை விரித்துத் தோளில் போட்டுக் காட்டினால் வெறுங்கையோடு திரும்புபவர்கள் குறைவு. சொந்தமாக வைத்திருப்பதோ மொத்தம் ஏழு சேலை. கேட்டால், "ஹோட்டல்காரரு சுட்ட இட்லி அம்புட்டையும் அவரேவா திங்குறாரு?" என்பார்.

ஞாயிறு காலை, கடை திறக்கும் முன், ஓர் இலவசக் கணினி வகுப்பு நடக்கிறது. அங்கேதான் எனக்கு அவர் பழக்கமானார். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஓர் இணையதளம் செய்யச் சொன்னார்கள். நாங்கள் நான்கு ஜோடிகள் குன்றாண்டார்கோவில் குகைக் கோயிலையே தேர்ந்தெடுத்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டோம். சிவரஞ்சனியும், அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் அன்புமொழியும் எடுத்தது வேறு: மண்ணைக் கெடுக்காமல் உடுத்துவது எப்படி?

"ஒருக்கா கட்டி, போட்டோ புடிச்சு, மூட்டை கட்டிர்றாங்க. பாலியெஸ்டர் லேசுல மக்காதுங்க. நாம மக்கிருவோம், அது அப்படியே கெடக்கும்" என்றார் சிவரஞ்சனி.

கணினி மொழியில் ஒவ்வொரு பகுதிக்கும் தொடக்கக் குறி, முடிவுக் குறி உண்டு. சிவரஞ்சனி அதற்கு வைத்த பேர் கொக்கி. "ஜாக்கெட்டுல ஒரு கொக்கி மாட்டலைன்னா என்னாகும்? அதேதான் இங்கயும்." பயிற்றுநர் கண்ணன் முதல் வாரம் நெளிந்தார். மூன்றாம் வாரம் அவரே, "யாருங்க கொக்கி மாட்டாதது?" என்று கேட்டார்.

தளத்தின் பெயர் 'பீரோவைத் தொற'. இருக்கும் சேலை எத்தனை, பழையது கிழிந்துவிட்டதா என்று அது கேட்கும். கிழியவில்லை என்றால் 'கடைப்பக்கம் போகாதே' என்று சிவப்பு எழுத்தில் வரும். கிழிந்திருந்தால் வாங்கச் சொல்ல வேண்டும். ஆனால் நிரலில், பதிலை ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் போட்டுவிட்டார்கள். எதைச் சொன்னாலும் 'போகாதே' என்றது. யாரும் கவனிக்கவில்லை. தளம் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது.

ஆடித் தள்ளுபடிக்கு நான் வேட்டி எடுக்கப் போன அன்று கடையில் நிற்க இடமில்லை. சிவரஞ்சனி விரித்துப் போட்ட சேலைகளுக்கு முன்னால் ஒரு பெண் செல்போனை நீட்டினார்.

"மூணு எடுக்கத்தான் வந்தேன். பழசு கிழிஞ்சுபோச்சுன்னுதான் போட்டேன். அப்பவும் போகாதேங்குது. யாரு செஞ்ச கூத்து இது?"

கடை உரிமையாளர் செல்லமுத்து அருகில்தான் நின்றார். போனை வாங்கி, திரையைக் கடைசி வரைக்கும் தள்ளினார். அடியில் இரண்டு பெயர்கள் இருந்தன.

"இந்தச் சிவரஞ்சனி நீதானா?"

"நாந்தாங்க."

"இங்க சம்பளம் வாங்கிக்கிட்டு கடைக்கே போகாதேங்குறியா?"

சிவரஞ்சனியின் முகம் வெளுத்தது. கையில் இருந்த சேலையைத் தப்பும் தவறுமாக மடித்தார். "அது தப்புதாங்க."

"ஒத்துக்குறியா?"

"ஆமாங்க. சமக்குறி ஒண்ணு கொறைஞ்சு போச்சு. இந்தா சரி பண்ணிர்றேன்."

சேலைக் குவியலுக்குப் பின்னால் திரும்பி நின்று, தன் போனிலேயே திருத்தினார். அந்தப் பெண் மறுபடி போட்டுப் பார்த்தார். பச்சை எழுத்தில் வந்தது: 'தாராளமாக வாங்குங்க. ஒண்ணே ஒண்ணு. பருத்தியாப் பார்த்து.'

அவர் அப்படியே செய்தார். மூன்று ஒன்றானது.

செல்லமுத்து வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆடி மாதத்தில் கைதேர்ந்த ஆளை யார் விடுவார்? வேறு தண்டனை கொடுத்தார். "போகாதேன்னு சொன்ன வாயாலயே நாள் முழுக்க வாங்கன்னு சொல்லு" என்று வாசலுக்கு அனுப்பிவிட்டார்.

போன வாரம் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் கைகூப்பி நின்றார். தலைப்பு நூல் பிரிந்த சேலையோடு ஒரு பெண் வந்தார். "வாங்க, வாங்க" என்ற சிவரஞ்சனி, அவரைச் சற்று ஓரமாக அழைத்து, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து ஊசி எடுத்தார். பத்து நிமிடத்தில் பிரிந்த நூலெல்லாம் முடிச்சாகி வரிசையாகத் தொங்கியது.

"புதுசு எடுக்கலாம்னு வந்தேன்..." என்று அந்தப் பெண் இழுத்தார்.

சிவரஞ்சனி உள்ளே ஒரு பார்வை பார்த்தார். முதலாளியின் முதுகு தெரிந்தது. பிறகு மிகுந்த மரியாதையோடு குனிந்து, அவர் வெளியே போகக் கதவைத் தெருப்பக்கமாகத் திறந்து பிடித்தார்.