துண்டுக்கு அடியில் ஒரு கைகுலுக்கல்

கல்லூரியில் வணிகம் படித்து முதலிடங்களில் வந்தவர்களுக்காக வேலூரில் ஒரு கௌரவச் சங்கம் தொடங்கினார்கள். தொடக்க விழாவில் எனக்குப் பதக்கம் குத்தியவர் ஆம்பூர்த் தோல் வியாபாரி ஒருவர். மருதாணிச் சிவப்புத் தாடி, தோளில் பட்டுத் துண்டு. தோல் மண்டியில் விலை பேசுவதெல்லாம் துண்டுக்கு அடியில், பிடிக்கிற விரல்களின் கணக்கில்தான். அந்தப் பழக்கதோஷத்தில், குலுக்குவதற்கு நான் நீட்டிய கையையும் துண்டால் மூடிவிட்டார். தலைகால் புரியாத சந்தோஷத்தில் அவருடைய விரல்களை மொத்தமாகச் சேர்த்து அழுத்தினேன்.

அவர் திடுக்கிட்டார். “இன்னா தம்பி, இவ்ளோ ஜாஸ்தி கேக்கறே! கொஞ்சம் கம்மி பண்ணு!”

மண்டபமே சிரித்தது.

“எவ்ளோ கேட்டேன், சாயபு?”

“அத வெளிய சொன்னா அது வியாபாரமா?” என்று கண்ணடித்தார்.

அப்புறம் எத்தனையோ முதலாளிகளிடம் சம்பளம் பேசியாயிற்று. எவ்வளவென்றே தெரியாத அந்தத் தொகையை மட்டும் மறுபடி கேட்கத் துணிச்சல் வரவில்லை.